கேட்டுக்காரம்மா தூக்கத்தில் கை ஓங்கிய கதை

தையல்காரர் அன்று கடையைத் திறந்தபோது அவருடைய இடது கண்ணுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வீக்கம் இருந்தது. எதிர்க்கடையில் சைக்கிள் பழுது பார்க்கிறவன் முதலில் பார்த்துவிட்டான்.

"என்ன டெய்லரே, மூஞ்சியில யாரு பட்டன் வச்சுத் தைச்சது?"

"அலமாரிக் கதவு இடிச்சுடுச்சுப்பா."

"போன வாரம் ஜன்னல். அதுக்கு முந்தின வாரம் கட்டில் கால். உங்க வீட்டுச் சாமானெல்லாம் உங்க மேல கோவமா இருக்கு போல!"

கடை வாசலில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். தையல்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துவிட்டு மெஷினில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். வீங்கிய கண்ணுக்கு ஊசிக்காது தட்டுப்படவில்லை. பேண்ட் கால் மடிக்கக் கொடுக்கப் போயிருந்த நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"கொஞ்சம் கோத்துக் குடுங்க மச்சான்" என்றார்.

கோத்துக் கொடுத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டேன். "மாப்பிள்ளை, உண்மையைச் சொல்லுங்க. அலமாரியா, என் தங்கச்சியா?"

அவர் காலால் மிதிக்கட்டையை இரண்டு சுற்று ஓட்டினார். பிறகு, "தூக்கத்துல மச்சான். அவ வேணும்னு செய்யல" என்றார்.

தங்கச்சி என்றால் என் கூடப் பிறந்தவள் இல்லை. என் அப்பாவின் கடைசித் தம்பிக்கு இரண்டு தாரம். மூத்த தாரத்துக்கு ஒரே மகள், அவள்தான் இவள். சித்தப்பா இரண்டாவது கட்டிய வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தவள், கல்யாணம் ஆகிப் போகும்வரை எங்களோடேயே இருந்தாள். அதனால் ஒன்றுவிட்ட என்கிற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் புழங்குவதில்லை. சித்தப்பா ரயில்வேயில் இருந்தார். பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். அந்த வேலையை இரண்டாம் தாரமான சின்னம்மா தன் தம்பிக்கு வாங்கிவிடலாம் என்று நடையாய் நடந்தாள். மகள் இருக்கும்போது மச்சினனுக்கு எப்படித் தருவது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் மாவு மில்லுக்கும் சிமெண்ட் கிடங்குக்கும் நடுவில் இருந்த ரயில்வே கேட் அவள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சொந்தப் பெயர் போயிற்று. ஊருக்கெல்லாம் கேட்டுக்காரம்மா.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரயில் வருவதற்கு முன் ஸ்டேஷனிலிருந்து டெலிபோன் மணி அடிக்கும். இவள் சக்கரத்தைச் சுற்றிக் குறுக்குக்கட்டையை இறக்க வேண்டும், பூட்ட வேண்டும். பூட்டிவிட்டு, தன்னிடம் இருக்கும் தாளிலிருந்து ஒரு எண்ணை ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்ல வேண்டும். அந்த எண் காதில் விழுந்தால்தான் அவர் சிக்னலைப் பச்சைக்கு மாற்றுவார். கேட்டை மூடுவது பாதி வேலை, மூடினேன் என்று சொல்வதுதான் மீதி வேலை என்பாள். மூடிய கேட்டுக்கு இந்தப் பக்கம் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், சைக்கிள்காரன் கட்டைக்கு அடியில் குனிந்து நுழையப் பார்ப்பான். அவர்களை அதட்டி அதட்டியே அவள் குரல் தடித்துப்போனது. வீட்டில் தண்ணீர் கேட்டால் கூட நமக்கு ஒதுங்கி நிற்கத் தோன்றும்.

நாற்பத்தொன்றாம் வயதில் அவளுக்கு மனசு கெட்டது. முதலில் சாப்பாடு இறங்கவில்லை, பிறகு தூக்கம் போயிற்று. எல்லாம் தன்னால்தான் கெடுகிறது என்று தனியாக உட்கார்ந்து அழுவாள். ஒருநாள் காலையில் கேட்டை மூடியவள் திறக்கவே இல்லை. வண்டி வருகிறது, சத்தம் கேட்கிறது, ஆட்களைக் கொல்லச் சொல்கிறீர்களா என்று நாலு மணி நேரம் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் அரை மைலுக்கு வண்டிகள். நான் போய்ப் பார்த்தபோது கண்ணை அகல விரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், ஆனால் நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. அன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் சேர்த்தோம். ஏழு மாதம் இருந்தாள். மாப்பிள்ளைதான் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு அப்போது எதிலும் கையெழுத்துப் போடும் நிலை இல்லை.

குணமாகி வெளியே வந்த அன்று, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவள் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "இனிமே என்னை இதுக்குள்ள கொண்டுபோய்ப் படுக்க வைக்க மாட்டீங்கல்ல?"

"வைக்க மாட்டேன்" என்றார் மாப்பிள்ளை. நான் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஆபீஸில் உட்கார வைத்தார்கள். பிறகு அதே கேட்டுக்குத் திரும்பினாள். அறுபதாம் வயது வரை ஒரு குறை இல்லாமல் பார்த்து ஓய்வு பெற்றாள். மாத்திரை மட்டும் நிற்கவில்லை. மாத்திரையைக் கண்ணால் பார்த்தாலே அந்த வார்டு ஞாபகம் வருகிறது என்பாள். அதனால் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறப்பாள். மாப்பிள்ளை நாக்கில் வைப்பார், தண்ணீர் கொடுப்பார். இருபத்தைந்து வருஷம் இதுவே வழக்கம்.

இப்போது அவளுக்கு அறுபத்தாறு. தூக்கத்தில் இப்படி ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது என்று மாப்பிள்ளை அன்று கடையில் சொன்னார். முதலில் காலை உதைப்பதும் ஏதோ முனகுவதுமாக இருந்ததாம். இந்த ஏழெட்டு மாதமாகத்தான் அடி. விடிகிற நேரம் பார்த்து வருமாம்.

"'டேய், குனியாதே, வெளியே போடா'ன்னு கத்துறா மச்சான். கத்திட்டே பிடிச்சுத் தள்ளுறா. நான் கட்டிலுக்குக் கீழே கிடக்கேன்."

"எழுப்ப மாட்டீங்களா?"

"பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டாப் போதும், டக்குனு எழுந்துடுவா. 'ஏங்க தரையில உட்கார்ந்திருக்கீங்க?'ன்னு கேட்பா. நீதாம்மா தள்ளிவிட்டேன்னா, 'உங்களை எங்க தள்ளினேன், சைக்கிள்காரனைல்ல தள்ளினேன், மூட்டையோட வந்தான்'னு முழுக்கதையையும் சொல்லுவா. அப்புறம் என் கன்னத்தைப் பார்த்துட்டு அழுவா."

"வீட்டுல பசங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா மகன் சும்மா இருப்பானா? நான்தான் அலமாரி மேல பழி போட்டுட்டுத் திரியறேன்."

அவர் மறைத்ததற்குக் காரணம் எனக்குப் புரிந்தது. மகனுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்று அவனுக்குப் பதினாலு. பள்ளிக்கூடப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றவன் அவன். அம்மா கொஞ்சம் சத்தமாகப் பேசினாலே அவன் முகம் மாறும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்தானானால் அடுத்த நாளே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். பாசம் இல்லாமல் இல்லை, பயம்.

மறைத்தது அதிக நாள் நிற்கவில்லை. பேத்திக்கு நாலு வயது, பாட்டி பக்கத்தில் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம். அம்மா அப்பா அறையில் படுக்க வைத்தாலும் நடுவில் எழுந்து வந்து ஒட்டிக்கொள்வாள். ஒரு சனிக்கிழமை விடிகாலை அப்படி வந்து படுத்திருக்கிறாள், மாப்பிள்ளைக்குத் தெரியாது. கேட்டுக்காரம்மா கனவில் கையை வீச, ஸ்டூலில் இருந்த எவர்சில்வர் சொம்பு பறந்து குழந்தையின் தலைக்கு ஒரு சாண் மேலே சுவரில் அடித்து விழுந்தது. குழந்தை மேல் தண்ணீர் பட்டதோடு சரி. ஆனால் அது போட்ட சத்தத்தில் மகனும் மருமகளும் ஓடி வந்தார்கள். அப்பாவின் கன்னத்தையும் மகன் அப்போதுதான் விளக்கு வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு ஆள் வந்தது. போனேன். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சி மட்டும் சமையலறை வாசலில் நின்று ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நாளைக்குக் கூட்டிட்டுப் போய்ச் சேர்த்துடலாம் மாமா" என்றான் மகன் என்னைப் பார்த்து. "ஒரு மாசம் இருக்கட்டும். ஊசி போட்டா அடங்கிடும். பாப்பா தலையில பட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"படலைல்ல" என்றார் மாப்பிள்ளை.

"படுறவரைக்கும் பார்த்துட்டு இருக்கணுமாப்பா? அலமாரி இடிச்சுதுன்னு எங்கிட்டயே சொன்னீங்க. நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன், எந்தக் கதவு எங்க இடிக்கும்னு எனக்குத் தெரியாதா?"

மருமகள் குறுக்கிட்டாள். "அத்தை பகல்ல நல்லாத்தானே இருக்காங்க. நேத்து கூட என் சம்பளச் சீட்டுல தப்பு கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. மனசு சரியில்லாதவங்க அதெல்லாம் பார்ப்பாங்களா?"

"உனக்குத் தெரியாது. நீ அப்போ பார்க்கல" என்றான்.

தங்கச்சி யாரையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைத்தான் பார்த்தாள். "பஸ் ஸ்டாப்ல ஒரு வார்த்தை சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

அவர் தலையாட்டினார்.

நான்தான் உள்ளே புகுந்தேன். "சேர்க்கணுமா வேண்டாமான்னு டாக்டர் சொல்லணும்டா. நீ எப்போ டாக்டருக்குப் படிச்சே?"

"சரி மாமா. செவ்வாய்க்கிழமை வெளி நோயாளி நாள். கூட்டிட்டுப் போவோம். டாக்டர் சேர்க்கச் சொன்னா அதுக்கு மேல ஒருத்தரும் மறுபேச்சு பேசக்கூடாது. அம்மாவும் சேர்த்துத்தான்."

தங்கச்சி, "சரி" என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் நாலு பேர் போனோம். பழைய டாக்டர் ஓய்வு பெற்று வருஷக் கணக்காகிவிட்டது. நடுவில் ஒருவர் வந்து போனார். இப்போது இருப்பது ஒரு பெண், வயது நாற்பது இருக்கலாம். மகன் பேச ஆரம்பித்தான். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தி, "முதல்ல அம்மா சொல்லட்டும்" என்றார்.

"தூங்குறவளுக்கு என்னம்மா தெரியும்? அடி வாங்கினவரைக் கேளுங்க" என்றாள் தங்கச்சி.

டாக்டர் சிரித்துவிட்டார். "கனவு ஞாபகம் இருக்கும்ல? அதைச் சொல்லுங்க."

கனவைச் சொன்னாள். மூட்டைக்காரன், சைக்கிள்காரன், பின்னாலேயே நெருங்கி வரும் லாரி. எல்லாக் கனவிலும் யாராவது தண்டவாளத்துக்குள் நுழையப் பார்க்கிறார்கள், இவள் தடுக்கிறாள். டாக்டர் பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"அந்த நேரத்துல இவங்க கண் திறந்திருக்குமா, மூடியிருக்குமா?"

அவர் யோசித்தார். "மூடித்தான் இருக்கும்."

"எழுந்து நடப்பாங்களா?"

"இல்லம்மா. படுத்த இடத்துலேயேதான் சண்டை."

"எழுப்பினா?"

"உடனே எழுந்துடுவா. ஆளை அடையாளம் தெரியும், பேசுவா."

"அந்தக் காலத்துல, கேட்டைத் திறக்காம நின்னாங்களே, அப்போ?"

இதற்கு நான் பதில் சொன்னேன். "அப்போ கண்ணு திறந்திருந்தது டாக்டர். ஆனா எங்களைத் தெரியல."

டாக்டர் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே, "மாத்திரை ராத்திரி எத்தனை?" என்றார்.

"அவரைக் கேளுங்க" என்றாள் தங்கச்சி.

"ஒண்ணு" என்றார் மாப்பிள்ளை.

டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஒண்ணு மட்டும்தானா?"

மாப்பிள்ளை தொடை மேல் இருந்த கையை எடுத்து இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். "ஒண்ணரை."

தங்கச்சி மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள்.

விஷயம் இதுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் பழைய டாக்டர், 'தூக்கம் கெட்டால் அரை சேர்த்துக் கொடுங்க' என்று சொல்லியிருந்தார். மாப்பிள்ளை அதைத் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதி வைத்தார். அழிய அழியத் திரும்ப எழுதினார். வீடு மாறினார்கள், புது அலமாரி வந்தது, அதிலும் எழுதினார். ஒன்பது வருஷத்துக்கு முன் நடுவில் வந்த டாக்டர் மாத்திரையையே மாற்றிவிட்டார். கதவில் எழுதியது மாறவில்லை. இந்த மாத்திரைக்கும் அதே விதிதான் என்று மனுஷர் நினைத்துக்கொண்டார். தங்கச்சி தூக்கத்தில் காலை உதைக்க ஆரம்பித்ததும் தூக்கம் கெட்டுவிட்டது என்று கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு நூல் வெட்டும் சின்னக் கத்தரியால் மாத்திரையை இரண்டாக நறுக்கி அரை சேர்த்தார். அது எட்டு மாதத்துக்கு முன்பு. அடி விழ ஆரம்பித்ததும் இன்னும் கெட்டுவிட்டது என்று ஒருநாள் விடாமல் தொடர்ந்தார்.

டாக்டர் கோபப்படவில்லை. பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார்.

"அய்யா, கனவு காணும்போது நம்ம எல்லாருக்கும் உடம்பு அசையாம கட்டுப்பட்டுக் கிடக்கும். கனவுல ஓடுவோம், கால் ஓடாது. சிலருக்கு வயசாக ஆக அந்தக் கட்டு தளர்ந்துடும். அப்போ கனவுல செய்யறதைக் கை காலும் செய்யும். அம்மாவுக்கு அது தானாவே ஆரம்பிச்சிருக்கலாம். இந்த மாதிரி மாத்திரையும் அந்தக் கட்டைத் தளர்த்தும். நீங்க குடுத்த அரை அதை இன்னும் அவிழ்த்து விட்டிருக்கு."

"அப்போ பழைய வியாதி திரும்பலையா?" என்றான் மகன்.

"எனக்கு அப்படித் தோணல. ஆனா வாய் வார்த்தையா சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, நானும் நம்பக்கூடாது. ஒரு ராத்திரி ஒயர் பொருத்தித் தூங்க வச்சுப் பார்க்கணும். பார்த்தா தெரிஞ்சுடும்."

"எங்க?" என்றாள் தங்கச்சி.

"இங்கதான். மனநல வார்டுக்கு மேல் மாடியில அந்த அறை இருக்கு."

"ராத்திரி கதவைப் பூட்டுவீங்களா?"

டாக்டர் மழுப்பவில்லை. "அந்த அறையைப் பூட்ட மாட்டோம். ஆனா மாடிப்படி வார்டு வழியாத்தான் போகுது. வார்டுக் கதவை ஒன்பது மணிக்குப் பூட்டுவாங்க."

யோசித்துச் சொல்கிறோம் என்று வெளியே வந்தோம். நீளமான சிமெண்ட் பெஞ்சில் தங்கச்சி ஒரு முனையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் உட்காரப் போனார். அவள் பையை எடுத்து நடுவில் வைத்தாள்.

"இருபத்தஞ்சு வருஷம் கண்ணை மூடிட்டு வாயைத் திறந்தேன்" என்றாள்.

"உன் நல்லதுக்குத்தாம்மா. தூக்கம் வரட்டும்னுதான்."

"நல்லதா கெட்டதான்னு நான் கேட்கல. ஏன் சொல்லலன்னு கேட்கிறேன். கேட்டை மூடினா மூடினேன்னு ஸ்டேஷனுக்குச் சொல்லணும். சொல்லாம மூடுறவனை ஒரு நாள் கூட வேலையில வைக்க மாட்டாங்க."

"பயமா இருந்துச்சு. சொன்னா, 'எனக்கு மறுபடி வந்துடுச்சா'ன்னு நீ பயப்படுவேன்னு."

"இப்போ மட்டும் பயமில்லையா? எட்டு மாசமா, ராத்திரியில பேய் பிடிச்சவளா ஆயிட்டேன்னு நானே நினைச்சுட்டு இருக்கேன். விடியறப்போ உங்க முகத்தைப் பார்க்கவே பயமா இருக்கு."

அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்த வீங்கிய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வீக்கத்தால் வந்ததா அழுகையால் வந்ததா என்று நான் பார்க்கவில்லை.

மகன் கொஞ்ச தூரத்தில் தூணில் சாய்ந்து நின்றான். அம்மா பேசியதெல்லாம் அவன் காதில் விழுந்திருக்க வேண்டும். அருகில் வந்து, "வேண்டாம்மா. ஒயர் எல்லாம் வேண்டாம். மாத்திரையைக் குறைச்சுப் பார்ப்போம். நீ இங்க படுக்க வேண்டாம்" என்றான்.

"ஞாயித்துக்கிழமை ஒரு மாசம் இருன்னே. இன்னைக்கு ஒரு ராத்திரி கூட வேண்டாம்ங்கிறே. உன் பேச்சுக்கு நான் எங்கடா போய் நிக்கறது?"

அவன் திரும்பிப் போய்த் தூணில் சாய்ந்துகொண்டான்.

கால் மணி நேரம் போயிருக்கும். எதிரே ஒரு அம்மாள் தன் புருஷனுக்குச் சட்டை பட்டனைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள், அந்த ஆள் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கச்சி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"பார்க்கட்டும். பார்க்காம போனா நாளைக்கு ஒரு கிண்ணம் கை தவறி விழுந்தாலும், இவளுக்குத் திரும்பிடுச்சுன்னுதான் சொல்வீங்க. ஒயர் என்ன சொல்லுதுன்னு நானும் பார்க்கிறேன்."

மாப்பிள்ளை எழுந்தார். "நான் சொன்ன வார்த்தை..."

"நீங்க ஒண்ணும் என்னைப் படுக்க வைக்க வேண்டாம். நானே போய்ப் படுத்துக்கிறேன். உங்க வார்த்தை உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்" என்றாள். அப்படியே திரும்பி டாக்டர் அறைக்குள் போய்விட்டாள். ஒப்புதல் தாளை அவளே வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்து, அவளே கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு யார் என்று கேட்டபோது என்னைக் கூப்பிட்டாள். நான் நிதானமாக என் பெயரை எழுதி முடிப்பதற்குள் அங்கிருந்த நர்ஸுக்குப் பொறுமை போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு அவள் வார்டுக் கதவைத் தாண்டிப் போனாள். மகன் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டாள். மாப்பிள்ளையும் நானும் கீழே பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை அந்தச் சத்தத்துக்கு என் கையைப் பிடித்தவர், விடிகிறவரை விடவில்லை. எனக்குக் கொசு கடித்த இடத்தைச் சொறியக்கூட முடியவில்லை.

மேலே நடந்ததைக் காலையில் அவளே சொன்னாள். தலையிலும் தாடையிலும் மார்பிலும் காலிலும் பசை தடவி ஒயர் ஒட்டினார்களாம்.

"ஒரு ஜங்ஷனுக்கே இவ்வளவு ஒயர் கிடையாதுன்னு சொன்னேன். ஒயர் ஒட்டின பொண்ணுக்கு ஜங்ஷன்னா என்னன்னே தெரியல."

"பயமா இருந்துச்சா?" என்றேன்.

"பதினொரு மணி வரைக்கும் இருந்துச்சு. கீழே ஒரு பொம்பளை அழுதா. யாரோ போய்ப் பேசினாங்க, அடங்கிட்டா. நான் இருந்த காலத்துல யாரும் போய்ப் பேச மாட்டாங்க. அப்புறம் எப்படித் தூங்கினேன்னு தெரியல."

ஒயர் பொருத்திய பெண் எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். "நாலே காலுக்கு ஆரம்பிச்சாங்க. நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கேன். 'பச்சைச் சட்டை, இறங்குடா கீழே'ன்னு ஒரு அதட்டு. நான் பச்சைச் சட்டைதான் போட்டிருந்தேன். நாற்காலியை விட்டு எழுந்தே நின்னுட்டேன்!"

"அது உன்னை இல்லம்மா. லாரி க்ளீனர் ஒருத்தன்" என்றாள் தங்கச்சி, கொஞ்சம் வெட்கத்தோடு.

நாலு நாள் கழித்து டாக்டர் எல்லாரையும் உட்கார வைத்து, தாளில் ஓடிய கோடுகளைக் காட்டினார். கனவு ஓடும் நேரத்தில் தாடைக் கோடும் கால் கோடும் நேராக இருக்க வேண்டும். இவளுக்கு அந்த இடத்தில் பேனாவை உதறியதுபோல் கிறுக்கல். மனநோய் திரும்பவில்லை, வார்டில் சேர்க்க வேண்டியதில்லை என்று சொன்னார். மகன் அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். பார்த்துவிட்டு அம்மாவின் முழங்கையைத் தொட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார், அதையும் மறைக்கக்கூடாது. இந்தக் கோளாறு வந்த சிலருக்குப் பிற்காலத்தில் கை நடுக்கம், நடை தளர்ச்சி என்று வேறொரு நரம்பு நோய் வரக்கூடும் என்றார்.

"வருமா?" என்றாள் தங்கச்சி.

"வரலாம், வராமலும் போகலாம். மாத்திரையால மட்டும் வந்த கோளாறா இருந்தா, அந்தக் கவலை குறைவு. இப்பவே சொல்ல முடியாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வாங்க, பார்த்துட்டே இருப்போம்."

"வந்தா எங்கிட்ட சொல்வீங்கல்ல? இவங்ககிட்ட இல்ல, எங்கிட்ட."

"உங்ககிட்டதான் முதல்ல சொல்வேன்" என்றார் டாக்டர்.

கூடுதல் அரை அன்றோடு நின்றது. மீதி ஒரு மாத்திரையையும் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது என்று சொல்லி, மூன்று மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்றுக்கு மாற்றினார்கள். படுக்கும் முன் போட இன்னொரு சின்ன மாத்திரையும் வந்தது. அறையிலிருந்து ஸ்டூலும் இரும்பு மேஜையும் வெளியேறின. கட்டிலை விற்றுவிட்டு அவளுக்குத் தரையில் மெத்தை போட்டார்கள். மாப்பிள்ளையைக் கூடத்தில் படுக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் படுத்தார். எட்டாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் வந்து எதிர்ச்சுவர் ஓரமாக விரித்தார்.

"அடி வாங்கின பழக்கம் விடலையா?" என்று தங்கச்சி கேட்டாளாம்.

"அங்கிருந்து உன் கை எட்டாது. அளந்து பார்த்துட்டுத்தான் விரிச்சேன்" என்றாராம். தையல்காரர், நிஜமாகவே டேப்பை வைத்து அளந்திருக்கிறார்.

மாதத்தில் ஒன்றிரண்டு நாள் இன்னும் கத்துகிறாள். பேத்தி மத்தியானம் மட்டும் பாட்டியோடு படுக்கிறாள், ராத்திரி மருமகள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். மாத்திரைப் பெட்டி இப்போது தங்கச்சியிடம் இருக்கிறது. கண்ணைத் திறந்துகொண்டு, கையில் வைத்துப் பார்த்து, அவளே போட்டுக்கொள்கிறாள். முதல் பத்து நாள் குமட்டியதாம், பிறகு பழகிவிட்டது.

போன வாரம் ஆறு மாதச் சோதனைக்குத் தனியாகவே பஸ் ஏறிப் போய் வந்தாள். விரல்களைத் தட்டச் சொன்னார்களாம், கோடு போட்ட தரையில் நடக்கச் சொன்னார்களாம். சாயங்காலம் நான் போனபோது வீட்டில் எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். மகன் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே முந்திக்கொண்டாள்.

"வலது கை சுண்டுவிரல் கொஞ்சம் மெதுவா தட்டுதுன்னு சொன்னாங்க. வயசுக்கு அவ்வளவு இருக்கலாமாம், வேற எதுவாவும் இருக்கலாமாம். அடுத்த தடவை பார்த்தாத்தான் தெரியும். அவ்வளவுதான் விஷயம். யாராவது எனக்குக் குடிக்கத் தண்ணி குடுங்க."

மாப்பிள்ளை எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.